பாலம் கட்டப் படிக்கும் மகளுக்கு எந்த சாஃப்ட்வேர் கோர்ஸ்?

மகளுக்கு சிவிலில் இடம் கிடைத்துவிட்டது, பாலம்தான் வடிவமைப்பேன் என்கிறாள், எந்த சாஃப்ட்வேர் கோர்ஸில் சேர்க்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு எதிலும் வேண்டாம். மூன்றாம் ஆண்டு வரை அந்தப் பணம் உங்களிடமே இருக்கட்டும்.

ஜெர்மனியின் பாலப் பொறியாளர் யோர்க் ஷ்லைக் (1934–2021) கற்ற வரிசையைப் பாருங்கள். பள்ளியில் படிக்கும்போதே தச்சு வேலை பழகினார். பிறகு கட்டடக்கலையும் சிவிலும் படித்தார். 1963-ல் மூத்த பொறியாளர் ஃபிரிட்ஸ் லியோன்ஹார்ட்டின் நிறுவனத்தில் சேர்ந்து, 1974-ல் அவருடைய பேராசிரியர் பதவிக்கே ஸ்டுட்கார்ட்டில் வந்தார். 1980-ல் ருடால்ஃப் பெர்கர்மானுடன் தனி நிறுவனம் தொடங்கினார். கொல்கத்தாவின் வித்யாசாகர் சேது (1992, நடு இடைவெளி 457 மீட்டர்) அவர் வடிவமைப்பில் உருவானது. இங்கே கிடைக்கும் எஃகையும் இங்குள்ள ஆட்களின் கைப்பழக்கத்தையும் பார்த்து, வெல்டிங்கை விட்டு ரிவெட் இணைப்புக்குப் போனார். அந்த முடிவை எந்த சாஃப்ட்வேரும் எடுத்துத் தராது.

உங்கள் மகள் அவரிடம் கற்க வேண்டியது ‘ஸ்ட்ரட் அண்ட் டை’ முறை. 1987-ல் சகாக்களான ஷேஃபர், யென்னவைன் இருவரோடும் சேர்ந்து அதை ஒழுங்குபடுத்தி எழுதினார். சாதாரண பீம் சூத்திரம் செல்லாத இடங்களில், அதாவது பியர் கேப் (பாலத் தூணின் தலைப்பகுதி), கார்பெல் (தூணிலிருந்து நீளும் குட்டைத் தாங்கி), பைல் கேப் (அடித்தளப் பைல்களை இணைக்கும் கான்கிரீட் கட்டை) போன்றவற்றில், விசை போகும் பாதையை வரைந்து கணக்கிடும் வழி அது. நம் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸின் கான்கிரீட் பால விதிநூலான ஐ.ஆர்.சி. 112-லும் இருக்கிறது.

பேப்பரில் செய்து பார்க்கச் சொல்லுங்கள். தூணிலிருந்து நீட்டிய கார்பெல் மேல் 1000 கிலோநியூட்டன் டிசைன் சுமை. சுமைக்கும், அது சாய்வாக இறங்கித் தூணுக்குள் சேரும் புள்ளிக்கும் கிடைத்தூரம் 0.5 மீட்டர், உயரம் 0.8 மீட்டர். மேல் கம்பியில் இழுவிசை 1000 × 0.5 ÷ 0.8 = 625 கிலோநியூட்டன். ஃபெ 500 தர இரும்புக் கம்பியின் டிசைன் வலிமை சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 435 நியூட்டன். எனவே 1437 சதுர மில்லிமீட்டர் தேவை. 25 மி.மீ. கம்பி மூன்று போதும்.

கோட்டை விடுவது இதற்குப் பிறகுதான். கம்பி எண்ணிக்கை சரியாக இருக்கும், ஆனால் வெளிமுனையில் சுமைக்கு அப்பால் பிடிமான நீளம் இருக்காது. அப்படியானால் அந்த மூன்று கம்பியும் இருந்தும் இல்லாததுதான். நார்வேயில் 1991-ல் ஸ்லைப்னர் என்ற கடல் எரிவாயு மேடையின் கான்கிரீட் அடிப்பகுதி மூழ்கியதும் இந்த வகைக் குறையால்தான். கணினி மாதிரி ஷியர் விசையை (கான்கிரீட்டை வெட்டுவதுபோல் நறுக்கும் விசை) குறைத்துக் காட்டியது. டி வடிவத் தலைக் கம்பிகளும் நீளம் போதாமல் நின்றன. ஷ்லைக்கும் பொறியாளர் ரைனெக்கும் அதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள்.

ஆகவே முதல் இரண்டு ஆண்டுகள் மெக்கானிக்ஸ், ஸ்ட்ரக்சுரல் அனாலிசிஸ், கையால் வரைதல். விடுமுறையில் பாலம் கட்டும் சைட். ஆபீஸ் அறையில் உட்காராமல் கம்பி கட்டுபவர்கள் பக்கத்தில் நிற்கட்டும். கம்பி நெருக்கமான மூலையில், கான்கிரீட்டை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டர் நுழையாமல் கான்கிரீட் பொள்ளலாகிப்போவதை அங்கேதான் பார்க்க முடியும். மூன்றாம் ஆண்டில் சாஃப்ட்வேர் தொடங்கலாம், கூடவே ஐ.ஆர்.சி. 6 (பாலச் சுமைகளுக்கான விதிநூல்), 112. பாலம் வடிவமைக்கும் நிறுவனங்கள் பெரும்பாலும் ஸ்ட்ரக்சுரல் எம்.இ. அல்லது எம்.டெக். கேட்கும்; அதில் சேர கேட் (GATE) நுழைவுத் தேர்வு.

ஜெர்மனியில் மேற்படிப்பு என்றால் ஏ.பி.எஸ். சான்றிதழ் (படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்து அளிப்பது) வேண்டும், முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். ‘ஜெர்மனியில் படிப்பு இலவசம்’ என்று ஏஜென்ட் சொல்வதை அப்படியே நம்பாதீர்கள்: ஸ்டுட்கார்ட் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் நம்மைப் போல ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே உள்ள நாட்டு மாணவர்களிடம் செமஸ்டருக்கு 1500 யூரோ வாங்குகிறது.