குன்னூர்ல பறக்குது, கல்லார் தாண்டினா கட் ஆகுது: பூஸ்ட் கன்ட்ரோலரை திருப்பி அனுப்பலாமா?

கேள்வி: அண்ணா, நான் குன்னூர். செகண்ட் ஹேண்ட்ல எடுத்த டர்போ பெட்ரோல் காருக்கு ஆன்லைன்ல 1,800 ரூபாய்க்கு மேனுவல் பூஸ்ட் கன்ட்ரோலர் (டர்போ இன்ஜினுக்குள்ள அழுத்தற காத்தை, அதாவது பூஸ்ட்டை, ஸ்க்ரூ திருகி ஏத்தற பீஸ்) வாங்கி நானும் பிரெண்டும் மாட்டினோம். ஊட்டியில வச்சு கேஜ்ல பிரஷர் 12 பிஎஸ்ஐ வர்ற மாதிரி திருகி விட்டேன், சும்மா பறந்துச்சு. ஞாயித்துக்கிழமை கோயம்புத்தூர் கிளம்பினோம், பர்லியார் வரைக்கும் ஒண்ணுமில்ல, கல்லார் தாண்டி பாக்குத்தோப்பு ரோட்டுல மிதிச்சதும் பின்னாடி கயிறு கட்டி இழுத்த மாதிரி கட் ஆகி இன்ஜின் லைட் வந்துருச்சு. வித்தவங்க பீஸ்ல ஃபால்ட் இல்ல, ரிட்டர்ன் கிடையாதுங்கறாங்க. என்ன பண்ண?

பதில்: தம்பி, எனக்கென்னவோ பீஸ் மேல தப்பில்லைன்னுதான் படுது, நீ செட் பண்ண இடம்தான் தப்பு. பூஸ்ட் கேஜ் வெளிக்காத்துக்கு மேல எவ்வளவு ஏறுதுன்னு மட்டும்தான் காட்டும். ஊட்டி 2,240 மீட்டர், அங்க வெளிக்காத்தே சுமார் 11 பிஎஸ்ஐதான், கீழ மேட்டுப்பாளையத்துல 14. அதே 12ஐ வச்சுக்கிட்டு எறங்கினா மொத்தம் 23 இருந்தது 26 ஆயிடுது. வண்டியோட சென்சார் பாக்கறது இந்த மொத்தத்தை, லிமிட் தாண்டுச்சுன்னா ஈசியூ, அதான் இன்ஜினோட கம்ப்யூட்டர், பெட்ரோலை கட் பண்ணிடும். இறக்கத்துல செகண்ட் கியர்ல காலை எடுத்துட்டு வந்திருப்ப, டர்போவுக்கு வேலையே இல்ல, அதான் கல்லார் வரைக்கும் தெரியல.

அதனால ஸ்க்ரூவை முழுசா லூஸ் பண்ணிட்டு மேட்டுப்பாளையத்துல, காலி ரோடா பாத்து, கால் சுத்து கால் சுத்தா ஏத்து. மேல வந்தா கொஞ்சம் சோம்பலாத்தான் இருக்கும், இருந்துட்டு போகட்டும், பிஸ்டன் போனா 1,800ல முடியாது.

முழுசா லூஸ் பண்ணியும் பூஸ்ட் எகிறுச்சுன்னா மிதிக்காம ஓரங்கட்டி ஹோஸைப் பாரு. டர்போவுல இருந்து வர்ற ஹோஸ் கன்ட்ரோலருக்குள்ள, அங்கிருந்து வேஸ்ட்கேட் ஆக்சுவேட்டருக்கு (வேஸ்ட்கேட்ங்கறது பூஸ்ட் அளவு மீறாம புகையை டர்போவுக்குப் போகாம திருப்பி விடற கதவு, அதைத் திறக்கறது ஆக்சுவேட்டர்), பீஸ் மேல இருக்கற அரோவும் அந்தப் பக்கம்தான் பாக்கணும். ஹோஸ் கழண்டாலோ வெடிச்சாலோ ஆக்சுவேட்டருக்கு காத்தே போகாது, வேஸ்ட்கேட் திறக்காது, பூஸ்ட் ஏறிக்கிட்டே போகும், இருக்கறதுலயே டேஞ்சர் இதுதான். கேபிள் டையை நம்பாத, கிளிப் போடு.

இன்னொண்ணு, கன்ட்ரோலர்ல ஆக்சுவேட்டர் பக்கம் ஊசி நுழையற சைஸ்ல ஒரு ஓட்டை இருக்கும், மிச்சக்காத்து வெளிய போறதுக்கு. அது அடைச்சா கியர் மாத்தினப்புறம் பூஸ்ட் லேட்டா வரும். ஒருத்தர் வண்டியில பாத்தேன், டெஃப்லான் டேப் துணுக்கு ஒண்ணு உள்ள போய் உக்காந்திருந்துச்சு, தையல் ஊசியால நோண்டி எடுத்தோம். பீஸை கழட்டி, ஸ்க்ரூ லூஸா இருக்கறப்ப டர்போ பக்கம் வாய வச்சு ஊது, காத்து போகணும். எதிர்ப்பக்கம் ஊதினா அந்த ஓட்டையில சீறல் மட்டும்தான் வரணும்.

எதிர்ப்பக்கமும் தாராளமா போகுதுன்னா உள்ள காத்தை அடைக்கற சின்ன குண்டு சரியா உக்காரல, அப்ப பீஸ் ஃபால்ட்டுதான். வீடியோ எடுத்து அனுப்பு. 2020 ஈ-காமர்ஸ் விதிப்படி பழுதான பொருளையோ விளம்பரத்துல சொன்ன மாதிரி இல்லாததையோ திருப்பி எடுக்க மாட்டேன்னு விக்கறவங்க சொல்ல முடியாது. புகார் கொடுத்தா 48 மணி நேரத்துல கிடைச்சுதுன்னாவது பதில் வரணும், ஒரு மாசத்துல தீத்து வைக்கணும். இழுத்தடிச்சா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் போடு. ஆனா ஊதிப் பாத்து சரியா இருந்தா அவங்களோட சண்டைக்குப் போகாத, நியாயம் அவங்க பக்கம்.