மாட்டுக்கு வழி விடுங்கள்

கேள்வி: ஜூன் முதல் வாரத்தில் ஆஸ்திரியா போகிறோம். ஆல்ப்ஸ் மலைப் பாதைகளில் நான்கு நாள் நடப்பதாகத் திட்டம், அங்கே இருக்கும் அக்கா தன் நாயையும் கூட்டி வருகிறார். காட்டு விலங்குகளால் ஆபத்து உண்டா?

பதில்: காட்டு விலங்கை விட மாட்டைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். 2014-இல் டிரோல் மாநிலத்தில் நாயுடன் நடந்துபோன ஒரு பெண்ணை மாடுகள் முட்டி மிதித்துக் கொன்றுவிட்டன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், பொறுப்பு மாட்டுக்காரருக்குப் பாதி, அந்தப் பெண்ணுக்குப் பாதி என்று 2020-இல் தீர்ப்பானது. நீங்கள் போகும் நேரம்தான் மாடுகளை மேய்ச்சலுக்கு மேலே ஓட்டிவரும் நேரம், கன்றுகளும் கூடவே இருக்கும், அவற்றின் தாய்க்கு உங்கள் அக்காவின் செல்ல நாய் ஓநாய் மாதிரிதான் தெரியும்.

பாதை மந்தைக்கு நடுவே போனாலும் நீங்கள் பாதையை விட்டு நன்றாக ஒதுங்கிச் சுற்றிப் போங்கள், ஐம்பது மீட்டர் தள்ளிப் போக முடிந்தால் நல்லது. கன்றைத் தடவவோ அதோடு படம் எடுக்கவோ வேண்டவே வேண்டாம். மாடு தலையைத் தூக்கி உங்களையே முறைக்கிறதா, புஸ்ஸென்று மூச்சு விட்டு முன்காலால் மண்ணைக் கிளறுகிறதா? முதுகைக் காட்டாமல் மெதுவாகப் பின்வாங்குங்கள். நாயைக் குட்டை வாரில் பிடித்திருங்கள், ஆனால் மாடு பாய்ந்து வந்துவிட்டால் உடனே வாரை விட்டுவிடுங்கள், நாய் ஓடிப் பிழைத்துக்கொள்ளும், அதைக் கையில் தூக்கினால் மாடு உங்கள் மேல்தான் வரும். அப்புறம், மேய்ச்சல் நிலத்துப் படலைத் திறந்து போனால் மறக்காமல் மூடுங்கள்.

கேள்வி: புல்வெளியில் மான்குட்டி தனியாகக் கிடந்தால் யாரிடம் சொல்வது?

பதில்: யாரிடமும் சொல்ல வேண்டாம், தொடவும் வேண்டாம். தாய் பக்கத்தில்தான் மேய்ந்துகொண்டிருக்கும், நீங்கள் அங்கே நிற்கிற வரை அது பால் கொடுக்க வராது. குட்டியின் உடம்பில் வாசனை மிகக் குறைவு, அசையாமல் படுத்துக் கிடப்பதுதான் அதற்குப் பாதுகாப்பு, அதனால் பக்கத்தில் போனாலும் எழுந்து ஓடாது. அதைப் பார்த்து அடிபட்டிருக்கிறது என்று நினைத்துத் தூக்கிவிடுகிறார்கள், பாவம். சத்தமில்லாமல் நகர்ந்துவிடுங்கள்.