கேம்பாயும் நாமும் – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

எனக்கு நாற்பத்திரண்டு வயது. கோவையில் கணக்காளராகப் பணிபுரிகிறேன். சில மாதங்களுக்கு முன்பு, ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட பழைய கேம்பாய் கருவியின் வடிவத்தில், சீனாவில் தயாராகும் கையடக்க விளையாட்டுக் கருவி ஒன்றை வாங்கினேன். மூன்றரை அங்குலத் திரை. உடன் வந்த மெமரி கார்டில் ஆயிரக்கணக்கான பழைய ஆட்டங்கள் இருந்தன. இரவு உணவுக்குப் பிறகு அரைமணி நேரம் அதனுடன் கழிகிறது. கல்லூரியில் படிக்கும் என் மகன் “அப்பா, இதெல்லாம் ஒரு கிராஃபிக்ஸா?” என்று சிரிக்கிறான். நண்பர் ஒருவர் இதை இளமை ஏக்கம் என்கிறார். ஆனால் நான் சிறுவயதில் கேம்பாயைப் பார்த்ததே இல்லை. என் மாமா பர்மா பஜாரில் வாங்கிவந்த, ‘9999 இன் 1’ என்று எழுதியிருந்த செங்கல் அடுக்கும் வீடியோ கேம் மட்டுமே என்னிடம் இருந்தது. அப்படியிருக்க, இது ஏன் எனக்குப் பிடிக்கிறது?

இன்னும் சில ஐயங்கள். அந்த அரைமணி நேரத்தில் பாதி, எதை ஆடலாம் என்று பட்டியலைத் தள்ளிக்கொண்டிருப்பதிலேயே போய்விடுகிறது. திரையில் எழுத்துகள் சில தடித்தும் சில மெலிந்தும் தெரிகின்றன. கார்டில் இருப்பவற்றை ஆடுவது முறையா என்ற உறுத்தலும் உண்டு. கடைசியாக, சிங்கப்பூரில் இருக்கும் உறவினர் தன் அசல் கேம்பாயை எனக்குக் கொடுத்திருக்கிறார். அதன் திரையில் மேலிருந்து கீழாகச் சில கோடுகள் வெறுமையாக இருக்கின்றன. சரிசெய்ய முடியுமா?

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

பழைய பொருள் எதை ஒருவர் விரும்பினாலும் இளமை ஏக்கம் என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடலாம். உங்கள் நண்பரும் அதைத்தான் செய்திருக்கிறார். ஆனால் ஏங்குவதற்கு உங்கள் இளமையில் கேம்பாய் இருந்ததில்லை. தமிழ்நாட்டில் நம் தலைமுறையினர் பெரும்பாலோருக்கு அது வெளிநாட்டில் உறவினர் இருந்த வீடுகளில் எட்டிநின்று பார்த்த பொருள்; பலர் அதையும் பார்த்ததில்லை. 1990களில் ஒசாகாவிலோ சிகாகோவிலோ வளர்ந்த ஒருவர் இன்று கேம்பாயைக் கையில் எடுத்தால் அவருடைய பள்ளி விடுமுறைகள் உடன் எழுந்துவரும். நமக்கு அப்படி எழுந்துவர ஒன்றுமில்லை. நாற்பது வயதில்தான் அதை முதன்முறையாகக் கையில் எடுக்கிறோம். அப்படியும் பிடித்திருக்கிறது என்றால், காரணத்தை அந்தப் பொருள் உருவாக்கப்பட்ட விதத்தில் தேடுவதே முறை.

கேம்பாயை உருவாக்கிய குழுவின் தலைவர் குன்பெய் யோகோய். கியோட்டோவில் அப்போது சீட்டுக்கட்டுகளை முதன்மையாகத் தயாரித்துக்கொண்டிருந்த நின்டெண்டோவில், சீட்டுகளைச் செய்யும் இயந்திரங்களைப் பராமரிக்கும் பணிக்கு 1965ஆம் ஆண்டு சேர்ந்தவர். அதிவேக ரயிலில் சலிப்புற்றிருந்த ஓர் அலுவலர் கால்குலேட்டரின் பொத்தான்களை வெறுமனே தட்டிக்கொண்டிருந்ததைக் கண்டதிலிருந்து, கைக்குள் அடங்கும் ஆட்டக்கருவி என்ற எண்ணம் தனக்குத் தோன்றியதாக அவர் சொல்லியிருக்கிறார். கால்குலேட்டர் நிறுவனங்களின் விலைப்போட்டியால் திரவப்படிகத் திரை மிக மலிவாகியிருந்த காலம் அது. 1980இல் வெளிவந்த ‘கேம் அண்ட் வாட்ச்’ வரிசைக் கருவிகளில் கால்குலேட்டரின் திரையும் சில்லும்தான் இருந்தன; செய்த வேலைதான் வேறு. அந்த வரிசையில் 1982இல் வந்த ‘டாங்கி காங்’ கருவியில், இன்று உங்கள் இடது கட்டைவிரல் அழுத்தும் கூட்டல்குறி வடிவப் பொத்தான் அறிமுகமானது.

விலை இறங்கிய, குறைநிறைகள் எல்லாம் தெரிந்துவிட்ட தொழில்நுட்பத்தை எடுத்து, அதை யாரும் எண்ணாத வேலைக்குப் பயன்படுத்துவது என்பதே யோகோயின் வழி. 1989 ஏப்ரலில் ஜப்பானில் கேம்பாய் வெளியானபோது வண்ணத் திரை கைக்கெட்டாத தொழில்நுட்பமாக இருக்கவில்லை; அதே ஆண்டு அட்டாரியின் ‘லிங்க்ஸ்’ கருவியும் அடுத்த ஆண்டு சேகாவின் ‘கேம் கியர்’ கருவியும் பின்னொளியுடன் கூடிய வண்ணத் திரைகளோடு வந்தன. யோகோயின் குழு தேர்ந்தெடுத்ததோ, பச்சை ஓடிய பின்னணியில் நான்கே சாயல்களைக் காட்டும், ஒளியே இல்லாத திரை. கேம் கியர் ஆறு பென்சில் செல்களைப் போட்டால் மூன்று முதல் ஐந்து மணி நேரம் ஓடியது. கேம்பாய் நான்கு செல்களில் ஏறத்தாழ 15 மணி நேரம் ஓடியது. செல் வாங்கக் காசு கேட்கும் பிள்ளைக்கும், கொடுக்க வேண்டிய தகப்பனுக்கும் இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை. பின்னால் வந்த கேம்பாய் கலரையும் சேர்த்து 11 கோடியே 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருவிகள் விற்றன.

ஆனால் விற்பனை வெற்றி ஒரு கருவியை நமக்குப் பிரியமானதாக ஆக்குவதில்லை. அந்தச் சிக்கனம் ஆட்டங்களுக்குள்ளும் இறங்கி அவற்றின் வடிவத்தையே தீர்மானித்ததை நாம், பெயர் தெரியாமலேயே, ரசிக்கிறோம் என்பதுதான் என் எண்ணம். இதற்கு, செங்கல் அடுக்கும் ஆட்டமாக நீங்கள் சிறுவயதிலேயே அறிந்த டெட்ரிஸையே எடுத்துக்கொள்வோம். 1984இல் மாஸ்கோவில், சோவியத் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில் அலெக்சேய் பஜித்னோவ் உருவாக்கிய ஆட்டம். உங்கள் மாமா வாங்கித்தந்த கருவியின் கண்ணாடியில் பத்துக்கு இருபது என்று நிரந்தரமாகப் பதிக்கப்பட்ட சதுரங்கள் இருந்தன. அணைந்து எரிவதைத் தவிர அவற்றால் வேறெதுவும் முடியாது. கேம்பாயில் டெட்ரிஸின் துண்டுகள் விழும் குழி பதினெட்டு வரிசைகளே கொண்டது. அந்தத் திரை 160 புள்ளி அகலமும் 144 புள்ளி உயரமும் உடையது. படங்கள் எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட கட்டங்களாக அடுக்கப்படுகின்றன. உயரத்தில் பதினெட்டுக் கட்டங்கள்தாம் கொள்ளும். ஆகவே ஆட்டம் இரண்டு வரிசை நெருக்கடியைக் கூடுதலாகத் தருகிறது.

அடுத்த முறை ஆடும்போது விழும் துண்டுகளை உற்றுப்பாருங்கள். ஏழு வகைத் துண்டுகள் இருக்கின்றன, நான்கு சாயல்கள் மட்டுமே இருக்கின்றன. வண்ணத்தால் பிரித்துக்காட்ட வழியில்லை. எனவே ஒன்றின் நடுவில் கரும்புள்ளி, ஒன்றுக்கு உள்சதுரம், ஒன்று முழுச்சாம்பல் என்று சதுரங்களின் உள்கோலத்தை மாற்றியிருக்கிறார்கள். துண்டுகள் கட்டம் கட்டமாக இறங்குவதால், மெதுவாக வினையாற்றும் அந்தத் திரையில் நகரும் உருவத்தின் பின்னே வழக்கமாக நீளும் நிழல்வால் இங்கே தொல்லை தருவதில்லை. இவ்வளவும் சேர்ந்து 32 கிலோபைட். உங்கள் மகன் நண்பனுக்கு அனுப்பும் ஒரு புகைப்படம் இதைவிடப் பல மடங்கு பெரியது. ‘சூப்பர் மாரியோ லேண்ட்’ ஆட்டத்தில் பின்னணி ஏன் கிட்டத்தட்ட வெறுமையாக இருக்கிறது என்பதற்கும் அந்த நிழல்வாலை நினைத்துக்கொண்டால் விடை கிடைக்கும். நகரும் திரையில் பின்னணியை நிறைத்திருந்தால் சிறிய மாரியோவைக் கண் தவறவிட்டிருக்கும்.

உங்கள் மகன் சிரிப்பதில் பிழையில்லை. அவர் காண்பது படத்தின் அளவை. அந்த அளவில் அவருடைய கணினிக்கு முன் இது நிற்காது. சிரித்து முடித்த பிறகு கருவியை அவரிடம் கொடுத்து, டெட்ரிஸில் நூறு வரிகளை அழிக்கச் சொல்லுங்கள். பிறகு கருவியைத் திரும்ப வாங்குவது உங்கள் சாமர்த்தியம்.

பட்டியலைத் தள்ளுவதிலேயே நேரம் போவது இந்தப் பொழுதுபோக்கின் பெரிய நோய். அந்தச் செங்கல் கருவியின் பெட்டியில் 9999 என்று போட்டிருந்தாலும், உள்ளே இருந்தது ஒருசில ஆட்டங்களும் அவற்றின் வேகத்தையும் தொடக்க அமைப்பையும் மாற்றிய வகைகளுமே. அந்த ஏமாற்று நமக்கு நன்மையாக முடிந்தது. வேறு வழியில்லாததால் ஒரே ஆட்டத்தை ஆண்டுக்கணக்கில் ஆடினோம். எந்த உயரத்தில் நீளத் துண்டுக்காகக் காத்திருக்கலாம், எப்போது ஆசையை விட்டுவிட வேண்டும் என்பது விரலுக்கே தெரிந்திருந்தது. இப்போது உங்கள் கார்டில் அந்த எண்ணிக்கை மெய்யாகவே இருக்கிறது. அதனாலேயே எதுவும் விரலுக்குத் தெரிவதில்லை. முதல் எதிரியிடம் தோற்றவுடன் அடுத்த ஆட்டத்துக்குத் தாவும் வசதி, அந்த ஆட்டம் எதைக் கற்பிக்க முனைந்ததோ அதைக் கற்கவிடுவதில்லை.

ஆகவே பட்டியலை வெட்டுங்கள். விருப்பப் பட்டியலில் ஐந்தாறு ஆட்டங்களை வைத்துக்கொண்டு மற்றவற்றை மறைத்துவிடுவதற்கான வசதி இத்தகைய கருவிகள் பெரும்பாலானவற்றில் உண்டு. தொடக்கத்துக்கு ‘சூப்பர் மாரியோ லேண்ட்’ ஆட்டத்தையும், 1992இல் வந்த ‘கிர்பீஸ் ட்ரீம் லேண்ட்’ ஆட்டத்தையும் சொல்வேன். பழகியவர் ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடக்கூடியவை. இரண்டிலும் ஆட்டத்தைச் சேமிக்கும் வசதியே கிடையாது. முழுமையாக முடித்துவிட்டு எழுந்திருக்கும் அனுபவம் ஒருமுறை வாய்த்தால், பட்டியலைத் தள்ளும் பழக்கம் தானாகவே தளரும். அவற்றுக்குப் பிறகு, செல்டா வரிசையில் வந்த ‘லிங்க்’ஸ் அவேகனிங்’ போன்ற நீண்ட ஆட்டத்துக்குப் போகலாம். பழைய கருவியைப் போல நடித்து ஆட்டங்களை ஓட்டும் மென்பொருளான எமுலேட்டரில், எந்த நொடியிலும் நிலையைச் சேமித்துத் திரும்பிவரும் வசதி உண்டு; அதை, சமையலறையிலிருந்து அழைப்பு வரும்போது நிறுத்திவைக்க மட்டும் பயன்படுத்துங்கள். தவறிய தாவலை அழித்துவிட்டு மீண்டும் தாவுவதற்கு அதைப் பயன்படுத்தினால் ஆட்டத்தில் எதுவும் மிஞ்சாது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: இரண்டாவது கருவி வாங்க வேண்டும் என்ற அரிப்பு விரைவில் வரும். இந்த ஈடுபாடு கொண்ட பலரிடம் ஆடி முடித்த ஆட்டங்களைவிட வாங்கிய கருவிகளே மிகுதி. வாங்குவதும் ஒரு பொழுதுபோக்குதான், ஆனால் அது வேறு பொழுதுபோக்கு, செலவும் அதிகம்.

எழுத்துகள் தடித்தும் மெலிந்தும் தெரிவதற்குக் காரணம் வெறும் கணக்கு. உங்கள் கருவியின் அளவை வைத்துப் பார்த்தால் அதன் திரை 640க்கு 480 புள்ளிகளாக இருக்க வேண்டும். கேம்பாயின் 144 புள்ளி உயரத்தை 480க்கு இழுத்தால் ஒவ்வொரு பழைய புள்ளிக்கும் மூன்றும் மூன்றில் ஒரு பங்கும் இடம் கிடைக்கிறது. அரைகுறைப் புள்ளி என்று ஒன்று இல்லாததால் சில வரிகள் மூன்று புள்ளியும் சில வரிகள் நான்கு புள்ளியுமாகத் தடிக்கின்றன. அமைப்புகளில் முழுஎண் பெருக்கத்தை (integer scaling) தேர்ந்தெடுங்கள். சரியாக மும்மடங்காகி, 480க்கு 432 என்ற அளவில் படம் நடுவில் நிற்கும். சுற்றிலும் கரிய விளிம்பு இருக்கும், ஆனால் ஒவ்வொரு புள்ளியும் சதுரமாக இருக்கும். அனலாக் பாக்கெட் என்ற விலையுயர்ந்த கருவியில் இதற்காகவே 1600க்கு 1440 என்று சரியாகப் பத்துமடங்குத் திரையை வைத்தார்கள். சில ஆட்டங்களில் உருவங்கள் படபடவென்று மின்னுவதும் கருவியின் பழுதாகாது. பழைய திரையின் மந்தத்தை நம்பி, திரையில் நொடிக்குப் பலமுறை மாறும் படச்சட்டகங்களில் ஒன்றுவிட்டு ஒன்றில் மட்டும் உருவத்தைக் காட்டி, ஒளிபுகும் தோற்றத்தை உண்டாக்கியிருப்பார்கள். புதிய திரை வேகமானதாகையால் குட்டு வெளிப்பட்டுவிடுகிறது. சட்டகக் கலப்பு (frame blending) என்ற பொருளில் அமைப்புகளில் இருக்கும் தெரிவு இதைச் சரிசெய்யும்.

உரிமை பற்றிய உறுத்தல் நியாயமானது, அதைப் பூசி மெழுக நான் விரும்பவில்லை. இந்த ஆட்டங்களின் பதிப்புரிமைக் காலம் முடியவில்லை. அவற்றைக் கார்டில் நிரப்பி விற்றவருக்கு அந்த உரிமை இல்லை. மறுபக்கமும் இருக்கிறது: அமெரிக்காவில் வெளியான 2010க்கு முந்தைய ஆட்டங்களில் 87 விழுக்காடு இன்று விற்பனையிலேயே இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. விற்கவும் மாட்டேன், நகலெடுக்கவும் விடமாட்டேன் என்ற நிலையில் அழியப்போவது ஆட்டங்களே. எனினும் அந்த வாதம் ஆவணக் காப்பகங்களுக்கு வலுவாகப் பொருந்துமளவுக்கு, இன்றும் உரிமத்துடன் கிடைக்கும் மாரியோவை இலவசமாக ஆடும் நமக்குப் பொருந்தாது. உறவினர் கேம்பாயுடன், ஆட்டங்கள் அடங்கிய செருகுபெட்டிகளான கார்ட்ரிட்ஜுகளையும் கொடுத்திருந்தால், முதலில் அவற்றை ஆடுங்கள். கேம்பாய்க்கென்றே இன்றும் புதிய ஆட்டங்களை எழுதி இலவசமாகவோ சிறுவிலைக்கோ வெளியிடுபவர்களும் இருக்கிறார்கள். 2017இல் வெளியான ‘டோபு டோபு கேர்ள்’ அப்படி ஒன்று, நிரல்மூலத்துடன் இலவசமாகக் கிடைக்கிறது.

இனி, அசல் கேம்பாய். முதலில் செல் அறையைத் திறந்து பாருங்கள். பழைய செல்கள் கசிந்து உலோக முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், பஞ்சுக்குச்சியில் சிறிது வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் சுத்தம் செய்யுங்கள். கார்ட்ரிட்ஜின் முனைகளுக்கும் அதே ஆல்கஹால் போதும்; வாயால் ஊதினால் எச்சில் ஈரம் முனைகளை அரிக்கும். ஆட்டத்தைச் சேமிக்கும் கார்ட்ரிட்ஜுகளுக்குள் ஒரு பொத்தான் பேட்டரி இருக்கும். அது தீர்ந்திருந்தால் ஆட்டம் ஓடும், சேமிப்பு நிற்காது.

மேலிருந்து கீழாக விடுபட்ட கோடுகள் இந்த மாடலின் பரவலான மூப்புநோய். திரைக்கண்ணாடியின் கீழ்விளிம்பில் வெப்பத்தால் ஒட்டப்பட்ட நாடாப் பட்டை இருக்கிறது. ஆண்டுகள் செல்லச்செல்ல அந்த ஒட்டு விடுபட்டு, அந்தந்தக் கோட்டுக்கு மின்சாரம் போகாமல் நின்றுவிடுகிறது. பின்மூடியைத் திறக்க மூன்று கை கொண்ட தலையுடைய திருகாணிச் சுழற்றி வேண்டும். திரையின் கீழே இருக்கும் பாதுகாப்புப் பட்டையை விலக்கி, கருவியை இயக்கிவைத்தபடியே, குறைந்த சூட்டில் சால்டரிங் அயர்னின் முனையை நாடாவின்மேல் மென்மையாக ஓட்டினால் கோடுகள் ஒவ்வொன்றாகத் திரும்பிவருவது கண்ணெதிரே தெரியும். ஓரிடத்தில் முனையை நிறுத்தினால் நாடா கருகிவிடும்; கை பழகாதவர் என்றால் செல்போன் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து, நீங்கள் அருகில் இருந்து சொல்லிச் செய்யவையுங்கள். கோடுகள் இடமிருந்து வலமாக விடுபட்டிருந்தால் இந்த வைத்தியம் பெரும்பாலும் பலிக்காது. அப்போது இன்று கிடைக்கும் ஐபிஎஸ் என்ற புதுவகைத் திரையை வாங்கிப் பொருத்திக்கொள்ளலாம். அப்படிச் செய்தாலும் பழைய திரை பொருத்தப்பட்டிருந்த முன்பக்க மின்சுற்றுப் பலகையை எறிந்துவிடாதீர்கள். பொத்தான்களின் தொடுபுள்ளிகளும் ஒலிபெருக்கியும் அந்தப் பலகையில்தான் இருக்கின்றன.

அன்புடன்.