பெயிண்ட் அடித்த விமான மாடலில் பேனல் லைன்: கேள்விகளும் பதில்களும்

விமானத்தின் தகடுகள் ஒன்றோடொன்று சேரும் இடம்தான் பேனல் லைன். பெயிண்ட் காய்ந்த மாடலில் அதை எடுத்துக்காட்டுவது பற்றி வந்த கேள்விகளைக் கீழே தந்திருக்கிறேன்.

சார், 1/72 அளவில் (நிஜத்தைவிட 72 மடங்கு சின்னது) ஸ்பிட்ஃபயர் போர் விமானம் முடித்துவிட்டேன். கோடுகளில் கறுப்பு வாஷ் (நீர்க்கக் கரைத்த பெயிண்ட்) ஓட விட்டேன். பார்த்தவர்கள் எல்லாம் "செங்கல் சுவர் மாதிரி இருக்கு" என்கிறார்கள். எங்கே தப்பு?

நிறத்தில். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கிட்டில், அதாவது நீங்கள் வாங்கி ஒட்டிய மாடல் பாகங்களில், கோட்டின் அகலம் 0.2 மி.மீ. என்றால், 72 மடங்கில் அது 14.4 மி.மீ. நிஜ ஸ்பிட்ஃபயரில் அத்தனை இடைவெளி இருந்தால் சுண்டுவிரலே நுழைந்துவிடும்! ஏற்கெனவே மிகையாக இருக்கிற கோட்டில் கறுப்பையும் ஊற்றினால் கண் அங்கேதான் போகும். நமக்கு வேண்டியது நிழல் மட்டும்தான். அடியில் உள்ள நிறத்தைவிட ஓரிரு படி அடர்த்தியாக இருந்தால் போதும். பச்சை, பழுப்புக்கு மேல் அடர் பழுப்பு. வெள்ளை, வெளிர் சாம்பலுக்கு மேல் நடுத்தர சாம்பல். விமானமே கறுப்பு என்றால் வாஷ் சாம்பலாக இருக்கட்டும்.

கறுப்புக்கு ஒரே இடம்தான் உண்டு. இறக்கையிலும் வாலிலும் உள்ள ஏலரான், ரடர், எலிவேட்டர் போன்ற அசையும் பாகங்களின் ஓரம். அங்கே நிஜமாகவே இடைவெளி இருக்கிறது.

நீங்கள் போட்டது எனாமல் வாஷ் என்றால், தின்னரில் லேசாக நனைத்த பட்ஸால் துடைத்து இன்னும் குறைக்கலாம். அக்ரிலிக் என்றால் துடைத்து எடுப்பது கடினம். அடி நிறத்தையே நன்றாக நீர்க்கக் கரைத்து, ஏர்பிரஷ்ஷில் மெல்லிய பனியாக மேலே அடியுங்கள். கோடு அடங்கிவிடும்.

அண்ணா, அக்ரிலிக் பெயிண்ட் மேலே நேரடியாக வாஷ் போடலாமா? ஒருமுறை போட்டதில் இறக்கை முழுக்கக் கறை.

மேட் (பளபளப்பில்லாத) பெயிண்ட் மேலே போட்டிருப்பீர்கள். மேட் பரப்பு சொரசொரப்பானது, வாஷை உறிஞ்சிப் பரப்பிவிடும். முதலில் கிளாஸ் கோட் (பளபளப்பான வார்னிஷ்), அப்புறம் டீகால் (ஒட்டும் சின்னங்கள்), டீகாலை மூட இன்னொரு கிளாஸ் கோட். இதெல்லாம் நன்றாகக் காய்ந்த பிறகுதான் வாஷ். அடியில் அக்ரிலிக்கோ லாக்கரோ இருந்தால் மேலே வாஷ் எனாமலாக இருக்கட்டும். எனாமல் தின்னர் காய்ந்த அக்ரிலிக்கைக் கரைக்காது. தமியாவின் பேனல் லைன் அக்சென்ட் கலர் எனாமல்தான்; கரைத்தே வருகிறது, மூடியிலேயே பிரஷ் இருக்கிறது.

பிரஷ்ஷால் கோட்டை வரைய வேண்டாம். இரண்டு கோடுகள் சேரும் முனையில் ஒரு சொட்டு வைத்தால் தானாக ஓடும். பள்ளியில் படித்த நுண்புழை நுழைவு இதுதான். அரை மணி கழித்துத் துடையுங்கள். துடைப்பது எப்போதும் முன்னிருந்து பின்னால், காற்று ஓடும் திசையில். அப்போது மிச்சம் நிற்கிற சாயமும் அழுக்குப் போல இயல்பாகத் தெரியும். எஞ்சினுக்குக் கீழே, வயிற்றுப் பக்கம், கொஞ்சம் கூடுதலாகவே விட்டுவிடலாம். எண்ணெய் கசிகிற இடம்.

ஒரு எச்சரிக்கை: பெயிண்ட் படாத பிளாஸ்டிக்கில் எனாமல் தின்னர் தேங்க விடாதீர்கள். அழுத்தத்தில் இருக்கும் பாகம் விரிசல் விடும். ஏபிஎஸ் பிளாஸ்டிக் இன்னும் மோசம்.

பழைய கிட். கோடுகள் குழியாக இல்லை, மேடாக இருக்கின்றன. ஒட்டின இடத்தைத் தேய்த்ததில் பாதி போய்விட்டது. பெயிண்ட் அடித்தாயிற்று. இனிமேல் ஊசியால் கோட்டைக் கீறி ஸ்கிரைப் பண்ணலாமா?

வேண்டாம். ஊசி போகிற வழியெல்லாம் பெயிண்ட் ஓரம் பெயர்ந்து வரும். 0.3 மி.மீ. மெக்கானிக்கல் பென்சில் எடுங்கள், எச்பி போதும். இதற்கு மட்டும் மேட் பரப்புதான் வேண்டும். கிளாஸில் பென்சில் வழுக்கும். உடல் பகுதி வளைவாக இருப்பதால் ஸ்கேல் உட்காராது. மாஸ்கிங் டேப்பை மெல்லிய பட்டையாக வெட்டிச் சுற்றி ஒட்டி, அதன் விளிம்பை ஒட்டி இழுங்கள். அழுத்தாமல் ஒரே இழுப்பு.

மேலே வார்னிஷை ஸ்ப்ரேயாக, முதலில் மெல்லிசாக அடிக்க வேண்டும். பிரஷ்ஷில் பூசினால் கிராஃபைட் இழுபட்டுப் போகும். வெள்ளி நிற விமானத்தில் பென்சில் பளபளத்து மறைந்துவிடும், அங்கே 0.05 பிக்மென்ட் பேனா நல்லது. ஆனால் மை வார்னிஷில் கரைகிறதா என்று, அதே பெயிண்ட் அடித்த ஒரு வேண்டாத துண்டில் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

பி-51டி மஸ்டாங் செய்கிறேன், முழுக்க வெள்ளி நிறம். இறக்கைக் கோடுகள் எல்லாவற்றிலும் வாஷ் போடணுமா?

நல்ல கேள்வி. மஸ்டாங்கின் இறக்கை லாமினர் ஃப்ளோ வகை. காற்று குழம்பாமல் வழுக்கிப் போக வேண்டும் என்பதால், தொழிற்சாலையிலேயே இறக்கையின் முன்பகுதியில் தகட்டு இணைப்புகளுக்கும் ரிவெட்டுகளுக்கும் புட்டி வைத்துத் தேய்த்து, மேலே வெள்ளிப் பெயிண்ட் அடித்தார்கள். உடல் வெறும் உலோகமாக மின்னும், இறக்கை பெயிண்டாகத் தெரியும். பல கிட்டுகளில் இந்தக் கோடுகளை ஆழமாகச் செதுக்கியிருக்கிறார்கள். பெயிண்டுக்கு முன் நிரப்பியிருந்தால் உத்தமம். இப்போது குறைந்தபட்சம் அவற்றில் வாஷ் போடாமல் விடுங்கள். துப்பாக்கி, குண்டுப்பெட்டி மூடிகள் திறக்கிறவை; அவற்றுக்குக் கோடு வேண்டும். ஃபிளாப், ஏலரான் ஓரங்களுக்கும்தான்.

மொஸ்கிட்டோவுக்கும் இதேதானா?

அது மர விமானம். இரண்டு பிளைவுட் தகடுகளுக்கு நடுவே பால்சா, மேலே துணி ஒட்டிப் பெயிண்ட். உடலில் தகட்டு இணைப்பே இல்லை. கதவுகளையும் மூடிகளையும் மட்டும் காட்டுங்கள். ஹரிக்கேன் விமானத்தின் பின் உடலும் துணி. அங்கே தெரிவது நீளவாக்கில் போகும் மரச் சட்டங்களின் மேடுதான், கோடு அல்ல. கிட்டின் படத்தாளை நம்பாமல், அந்த விமானத்தின் பழைய புகைப்படம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மழை நாளில் மேட் ஸ்ப்ரே அடித்தேன். கோடெல்லாம் மங்கி வெள்ளை பூத்துவிட்டது.

ஈரப்பதம். லாக்கர் ஸ்ப்ரே வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள நீர் அங்கே படிந்துவிடுகிறது. வெயில் அடிக்கிற நாளில் மெல்லிய கிளாஸ் கோட் ஒன்று கொடுத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். பிறகு மறுபடி மேட்.

என் மகனுக்கு ஒன்பது வயது. அவனும் கோடு போட ஆசைப்படுகிறான்.

பென்சிலைக் கொடுங்கள். தின்னர் வேலை உங்களோடு இருக்கட்டும், அதுவும் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு.