திராட்சத்தோட்டமும் கீரைக்கொல்லையும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் மகனுக்கு ஏழு வயது. ஒன்பது ஆண்டுகள் காத்திருந்து பெற்ற பிள்ளை. 'நீ கர்த்தர் எங்களுக்குத் தந்த பரிசு' என்று தினமும் சொல்லித்தான் வளர்க்கிறோம். ஆனால் குடும்ப ஜெபத்தில் இருபது நிமிடம் அவனால் உட்கார முடியவில்லை. நெளிகிறான், சிரிக்கிறான், தூங்கிவிடுகிறான். 'பிள்ளைகள் கர்த்தரால் வரும் சுதந்திரம்' என்ற 127ஆம் சங்கீதத்தைத் தண்டனையாக மனப்பாடம் செய்யவைத்தும் பயனில்லை. கர்த்தர் கொடுத்த பிள்ளையே அவர் முன்னால் இப்படி இருக்கலாமா? பிள்ளைகளை அம்புகளுக்கு ஒப்பிடும் அதே சங்கீதத்தைக் காட்டி, இன்னொரு பிள்ளை இல்லாததால் எங்கள் அம்பறாத்தூணி நிறையவில்லை என்று ஓர் ஊழியர் வேறு சொல்கிறார். குடும்ப ஜெபத்தை எப்படி நடத்துவது?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

ஊழியர் சொன்னதை விட்டுவிடுங்கள். தூணியில் எத்தனை அம்பு என்று சங்கீதம் எண்ணிச் சொல்லவில்லை. ஆபிரகாமின் மனைவி சாராள் பெற்றது ஈசாக்கு ஒருவனைத்தான். இதற்குமேல் அதில் பேச ஒன்றுமில்லை.

என்னைப் பிடித்து நிறுத்தியது உங்கள் கடிதத்தில் கூடுதலாக விழுந்துவிட்ட ஒரு சுழி. 'சுதந்திரம்' என்று எழுதியிருக்கிறீர்கள். வேதாகமத்தில் இருப்பது 'சுதந்தரம்'. சில நாட்களாக நானும் இந்தச் சொல்லையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகளைச் சொல்லி வீடுகளில் நடக்கும் சண்டையில் பாதி, இதைச் சரியாகப் படித்தால் அடங்கும்.

பழைய மொழிபெயர்ப்பின் சுதந்தரத்துக்கும் விடுதலைக்கும் சம்பந்தமில்லை. அது பங்காக வந்த உரிமை நிலம். எபிரெயத்தில் நஹலா. யோசுவாவின் காலத்தில் கோத்திரங்களுக்குச் சீட்டுப்போட்டுப் பங்கிட்டார்களே, அந்த நிலத்துக்கும் இதே சொல்தான். 1995இல் வந்த திருவிவிலியம் இந்த இடத்தில் 'செல்வம்' என்கிறது. காதுக்கு இனிமைதான், ஆனால் மண் வாசனை போய்விட்டது. செல்வத்தை வைத்திருப்பவர் இஷ்டம்போல் செலவழிக்கலாம். நஹலாவை முடியாது. 'தேசம் என்னுடையதாயிருக்கிறபடியால், நீங்கள் நிலங்களை அறுதியாய் விற்கவேண்டாம்' என்கிறார் கர்த்தர் (லேவியராகமம் 25:23). வறுமையில் விற்றாலும், ஐம்பதாம் வருஷமாகிய யூபிலியில் நிலம் பழைய குடும்பத்துக்கே திரும்பிவிடும். உழலாம், விதைக்கலாம், விளைந்ததை உண்ணலாம். உடையவர் அவர்.

அவர் கொடுத்த நிலத்துக்கு அவரே விதியும் வைத்திருக்கிறார். எல்லைக்கல்லை நகர்த்தக்கூடாது. வயலின் ஓரத்தை முற்ற அறுக்கக்கூடாது. ஏழாம் வருஷம் விதைக்காமல் சும்மா விட்டுவிட வேண்டும். நட்ட மரத்தின் கனியை மூன்று வருஷம் தொடக்கூடாது. நான்காம் வருஷத்துக் கனி கர்த்தருக்கு. ஐந்தாம் வருஷத்தில்தான் நட்டவன் வாய்க்கு வரும் (லேவியராகமம் 19:23–25). நீங்கள் மனப்பாடம் செய்யவைத்த அதே வசனத்தின் அடுத்த பாதியைப் பாருங்கள்: 'கர்ப்பத்தின் கனி அவரால் கிடைக்கும் பலன்.' கனி என்றதும் பறிக்க ஒரு கை நீள்கிறதே, அந்தக் கையைத்தான் இந்தச் சட்டம் பிடிக்கிறது. ஏழு வயதுக் கிளையில் நாற்பது வயதுப் பக்தியைத் தேடுகிறீர்கள் அம்மா. காய்க்கவில்லை என்று மரத்தை அடிக்கவும் செய்கிறீர்கள்.

முதலாம் இராஜாக்கள் 21ஐ ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். நாபோத் என்பவனின் திராட்சத்தோட்டம் இஸ்ரவேலின் ராஜா ஆகாபின் அரமனைக்கு அடுத்திருந்தது. ராஜா ஏமாற்றிக் கேட்கவில்லை. அதைவிட நல்ல தோட்டம் தருகிறேன், வேண்டுமானால் பணமாகத் தருகிறேன் என்றான். நியாயமான பேரம். நாபோத்தோ, பிதாக்களின் சுதந்தரத்தைக் கொடேன் என்றான். இங்கேயும் நஹலாதான். ஆகாப் அதை எதற்குக் கேட்டான்? கீரைக்கொல்லை போட. வருஷக்கணக்கில் வேர்பிடித்த கொடிகளைப் பிடுங்கிவிட்டு, சில வாரங்களில் கிள்ளிக்கொள்ளக் கீரை. கிடைக்கவில்லை என்றதும் கட்டிலில் படுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, சாப்பிடாமல் கிடந்தான். பிள்ளை தாங்கள் நினைத்தபடி வராதபோது பெற்றவர்கள் செய்வதும் அச்சு அசலாக இதுதான். சீக்கிரம் கிள்ளக் கிடைக்கும் பக்தி, நாலு பேர் முன்னால் ஒப்பிக்கும் வசனம், அடக்கமான உட்காரல், இவையெல்லாம் கீரை. நாபோத்தைக் கொல்லவைத்த ராணி யேசபேலின் பங்கை நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்தக் கதை ஒரு ஆசையில் தொடங்கி இரத்தத்தில் முடிந்தது.

'நீ பரிசு' என்று தினமும் சொல்வதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். ஒன்பது வருஷக் கண்ணீரை அவன் தோளில் ஏற்றுகிறீர்கள். அவன் பரிசு என்பதை உங்கள் ஜெபத்தில் கர்த்தரிடம் சொல்லுங்கள், அது அங்கே போய்ச் சேர வேண்டிய நன்றி. சாமுவேலின் தாய் அன்னாளும் கேட்டுப் பெற்றவள்தான். மகனைக் கர்த்தருடைய ஆலயத்தில் ஒப்புக்கொடுத்த பிறகு அவள் அவனுக்குச் செய்ததாக வேதம் சொல்வது ஒன்றே: வருஷந்தோறும் ஒரு சின்னச் சட்டை தைத்துக் கொண்டுபோனாள். போன வருஷத்து அளவு இந்த வருஷம் பற்றாது. வளர்ந்த பிள்ளையின் அளவுக்குத்தான் அவள் தைத்திருக்க வேண்டும்.

ஜெபத்தைக் கேட்டீர்கள். இருபது நிமிடம் உங்கள் சட்டை, அவனுக்கு ஏழு போதும். இரவுச் சாப்பாடு முடிந்ததும், தட்டை எடுக்குமுன் தொடங்குங்கள். எல்லோரும் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பார்கள், தூக்கமும் வந்திருக்காது. பாட்டில் ஒரே ஒரு சரணம். வசனம் ஐந்து, அதில் ஒன்றை அவன் வாசிக்கட்டும். மாற்கு சுவிசேஷத்தில் தொடங்கினால் ஐந்து மாதத்துக்குள் முடிந்துவிடும். பத்தாம் அதிகாரம் வரும்போது ஒன்றைக் கவனியுங்கள்: இயேசு விசனமடைந்தது பிள்ளைகள்மேல் அல்ல, அவர்களைத் தடுத்த சீஷர்கள்மேல். அவர் பிள்ளைகளை அணைத்துக்கொண்டார். அவர்கள் அசையாமல் இருந்ததாக மாற்கு எழுதவில்லை. நெளிந்தால் நெளியட்டும். வசனத்தை இனி ஒருபோதும் தண்டனையாகக் கொடுக்காதீர்கள். தண்டனையாகப் படித்த வசனம் ஆறுதல் தேவைப்படும் நாளிலும் தண்டனையாகவே நினைவுக்கு வரும்.

பெரும்பாலான வீடுகளில் குடும்ப ஜெபம் கெட்டுப்போகும் இடம் வேறு. 'ஆண்டவரே, இவனுக்குக் கீழ்ப்படிதலைத் தாரும்' என்று அவன் காதில் விழ ஜெபிப்பது. அது கண்ணை மூடிக்கொண்டு திட்டுவது. பிள்ளைக்கு அது நன்றாகவே புரியும். அவன் குறைகளுக்காக ஜெபிக்க வேண்டுமானால் அவன் தூங்கிய பிறகு ஜெபியுங்கள். அவன் இருக்கும்போது ஆளுக்கு ஒரு நன்றி மட்டும் சொல்லுங்கள். உங்கள் முறை வரும்போது, நீங்கள் சொல்லாமலேயே இன்று அவன் செய்த ஒன்றைச் சொல்லுங்கள்.