ஓட்டுரிமை இல்லாத மீன்பிடிக்காரர் ஓடைக்காகப் பேசலாமா?

கேள்வி: பென்சில்வேனியாவில் ஸ்டேட் காலேஜ் பக்கம் குடியிருக்கிறேன். எச்-1பி விசா. மீன்பிடி உரிமமும், டிரவுட் என்ற குளிர்நீர் மீனுக்கான பெர்மிட்டும் எடுத்து, வார இறுதியில் ஸ்பிரிங் கிரீக்கில் தூண்டில் போடுவேன். அங்கே பழக்கமான பெரியவர்கள், 2013-ல் வந்த 1576 என்ற மசோதாவை எதிர்த்து நிறுத்தியதைப் பற்றி அடிக்கடி பேசுகிறார்கள். அதுபோல் மறுபடி ஒன்று வந்தால் நானும் எழுத வேண்டுமாம். அதில் அப்படி என்ன இருந்தது? ஓடைகளின் பட்டியலை எந்த அலுவலகம் போட்டால் என்ன? குடியுரிமை இல்லாதவன் சட்டமன்ற உறுப்பினருக்கு எழுதினால் விசாவுக்குச் சிக்கல் வருமா?

பதில்: கடைசிக் கேள்விதான் உங்களை அதிகம் உறுத்துகிறது என்று தெரிகிறது, அதிலிருந்தே தொடங்குகிறேன். தாராளமாக எழுதலாம். அரசிடம் முறையிடும் உரிமையை அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் குடிமக்களுக்கு மட்டும் என்று ஒதுக்கவில்லை. சட்டமன்றத் தொகுதிகளைப் பிரிக்கும்போதும் வாக்காளர்களை மட்டுமல்ல, மொத்த மக்கள்தொகையையும் எண்ணித்தான் பிரிக்கிறார்கள். அந்தக் கணக்கில் நீங்களும் இருக்கிறீர்கள். உங்கள் உறுப்பினர் உங்களுக்கும் பிரதிநிதிதான்.

செய்யக் கூடாதவையும் உண்டு. தேர்தல் நிதிக்கு ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள். கிரீன் கார்டு இல்லாத வெளிநாட்டவர் கூட்டாட்சி, மாநில, உள்ளாட்சித் தேர்தல் எதற்கும் நன்கொடை தருவதைக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. அப்புறம், வாக்காளர் பதிவு. ஓட்டுநர் உரிம அலுவலகத்தின் திரையில் அந்தக் கேள்வி வந்தால், அவசரத்தில் கவனக்குறைவாக அழுத்திவிடாதீர்கள். குடியுரிமை இல்லாதவர் பதிவு செய்துவிட்டால் அது குடியேற்ற விஷயத்தில் உண்மையிலேயே பெரிய சிக்கல். கடிதம், தொலைபேசி, பொதுக்கூட்டத்தில் பேசுவது இவையெல்லாம் அந்த வகையில் வராது.

இப்போது 1576. பிரதிநிதிகள் அவையில் ஜெஃப் பைல் கொண்டுவந்தது. செனட்டில் ஜோ ஸ்கர்னாட்டி அதே பொருளில் 1047 என்ற மசோதாவைக் கொண்டுவந்தார். 'அழியும் நிலையிலுள்ள உயிரின ஒருங்கிணைப்புச் சட்டம்' என்று சாதுவான பெயர். உள்ளே இருந்த முக்கியமான மாற்றம் இதுதான்: மீன் மற்றும் படகு ஆணையமும் வேட்டை விலங்குகள் ஆணையமும் ஓர் உயிரினத்தை அழியும் நிலையில் உள்ளது என்று பட்டியலிட்டாலோ, ஓர் ஓடையைக் காட்டு டிரவுட் ஓடை என்று அறிவித்தாலோ, அது இனி, அரசு அமைப்புகளின் விதிகளைச் சரிபார்க்கும் ஒழுங்குமுறை மறுஆய்வு ஆணையத்தின் வழியாகவும் சட்டமன்றக் குழுக்களின் வழியாகவும் போக வேண்டும். அந்த மறுஆய்வு ஆணையத்தில் ஐந்து பேர். நான்கு பேரைச் சட்டமன்றக் கட்சித் தலைமைகள் நியமிக்கின்றன, ஒருவரை ஆளுநர். மீனியல் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை.

பட்டியலை யார் போட்டால் என்ன என்று கேட்டீர்கள். தூண்டில் போடும் பலருக்கும் இது புரியாமல் இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பென்சில்வேனியாவில் ஓடைப் பாதுகாப்பு பெரும்பாலும் ஒரு சங்கிலித் தொடராக வேலை செய்கிறது. முதல் கண்ணி, மீன் மற்றும் படகு ஆணையத்தின் உயிரியலாளர்கள் ஓடையில் இறங்கி, மின்சாரத்தால் மீன்களைச் சற்று மயக்கிப் பிடித்து, எண்ணி, அளந்து, எடை போட்டுத் திரும்ப விடுவது. குஞ்சு பொரித்து அங்கேயே வளரும் டிரவுட் இருந்தால் அது காட்டு டிரவுட் ஓடை. எடை ஓர் அளவைத் தாண்டினால் 'ஏ' வகுப்பு. பிரவுன் டிரவுட்டுக்கு ஹெக்டேருக்கு 40 கிலோ, மாநில மீனான புரூக் டிரவுட்டுக்கு 30 கிலோ.

இந்த இரண்டு அறிவிப்புகளும் மாநிலச் சுற்றுச்சூழல் துறையின் விதிகளில் போய் மாட்டிக்கொள்கின்றன. காட்டு டிரவுட் ஓடையின் வெள்ளச் சமவெளியில் உள்ள சதுப்பு நிலங்கள் தானாகவே 'மிகச் சிறப்பு மதிப்பு' சதுப்புகள் ஆகிவிடும். அவற்றை மண் கொட்டி மூடவோ குழாய் பதித்துக் கலைக்கவோ அனுமதி வாங்குவது மிகக் கடினம். 'ஏ' வகுப்பு ஓடை 'உயர்தர நீர்' என்ற தகுதிக்கு வந்துவிடும். அதில் புதிதாகக் கழிவுநீர் விட நினைப்பவர், இப்போதுள்ள நீர்த்தரம் கெடாது என்று காட்ட வேண்டும்; கெடும் என்றால், அதைத் தவிர்க்க முடியாத பொருளாதார, சமூகத் தேவை இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டும்.

ஆக, மசோதா ஓடையைத் தோண்டச் சொல்லவில்லை, கழிவை விடச் சொல்லவில்லை. முதல் கண்ணியைத் தாமதப்படுத்தப் பார்த்தது, அவ்வளவுதான். அது தாமதமானால் மற்றவை எதுவும் இயங்காது. 2010 முதல் ஆணையம் கல்லூரிகளோடு சேர்ந்து, அதுவரை யாரும் ஆய்வு செய்யாத ஆயிரக்கணக்கான சிற்றோடைகளை அளந்துகொண்டிருந்தது. மார்செல்லஸ் ஷேல் என்ற ஆழ்நிலப் பாறை அடுக்கிலிருந்து எரிவாயு எடுக்கும் கிணறுகள் அதே மலைகளில் வேகமாக வந்துகொண்டிருந்த காலம். பட்டியலில் ஏறும் முன்னால் அனுமதி வாங்கிவிட்டால், பிறகு ஓடையில் புரூக் டிரவுட் இருப்பது தெரிந்தும் பயன் குறைவு. அந்த நேரத்தில் பட்டியலுக்கு இரண்டு வாசல்களைக் கூட்டுவது சும்மா நிர்வாகச் சீரமைப்பு என்று என்னால் ஏற்க முடியாது.

மீனின் பக்கத்திலிருந்தும் பாருங்கள். புரூக் டிரவுட்டுக்குத் தண்ணீர் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே திணறல். கோடையில் அதைக் காப்பாற்றுவது ஊற்றும், கரையோர மர நிழலும், சதுப்பிலிருந்து கசிந்து வரும் குளிர்ந்த நீரும். இலையுதிர் காலத்தில் சரளைக் கற்களுக்குள் முட்டை இடும். அவை குளிர்காலம் முழுக்க அங்கேயே இருக்கும். மேலே ஒரு சாலை வெட்டி வண்டல் இறங்கினால், கல்லிடுக்கு அடைந்து முட்டை மூச்சுத் திணறிச் செத்துப்போகும். அந்த ஆண்டுக் குஞ்சுகள் போனது போனதுதான், வழக்குப் போட்டாலும் திரும்பாது. அதனால்தான் முன்கூட்டியே பட்டியலில் இருப்பதற்கு இவ்வளவு மதிப்பு.

உங்கள் ஸ்பிரிங் கிரீக்கே நல்ல சாட்சி. மிரெக்ஸ், கீபோன் என்ற நச்சுகள் அந்த ஓடையின் மீன்களில் கண்டுபிடிக்கப்பட்டதால் 1982-லிருந்து அங்கே பிடித்த மீனை எடுத்துச் செல்லத் தடை. வளர்ப்பு மீன் விடுவதும் நின்றது. சுண்ணாம்புப் பாறை ஊற்றுகளின் குளிர்ந்த நீர் இருந்ததால் காட்டு பிரவுன் டிரவுட் தானே பெருகி, இன்று மாநிலத்தின் பேர்பெற்ற 'ஏ' வகுப்பு ஓடைகளில் ஒன்றாக நிற்கிறது. நீரும் கரையும் கெடாமல் இருந்தால் மீன் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்.

மசோதாவை ஆதரித்தவர்களின் வாதத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கட்டுமானம், எரிவாயு, நிலக்கரி, மரத் தொழில்களில் இருப்பவர்கள், திட்டம் பாதியில் இருக்கும்போது அழியும் நிலையிலுள்ளது என்று ஒரு வௌவாலோ மட்டியோ வந்து செலவைக் கூட்டுகிறது என்றார்கள். மற்ற அரசு அமைப்புகளின் விதிகளெல்லாம் மறுஆய்வுக்குப் போகும்போது இந்த இரண்டு ஆணையங்களுக்கு மட்டும் ஏன் விலக்கு என்றும் கேட்டார்கள். அந்தச் செலவு உண்மையானது, அந்தக் கேள்வியும் நியாயமானதே. ஆனால் அதற்குத் தீர்வு, அனுமதி கேட்பவருக்கு ஆரம்பத்திலேயே தகவல் கொடுப்பதும், ஆய்வாளர்களைக் கூட்டுவதும். ஓடையில் டிரவுட் இருக்கிறதா என்பது அளந்து பார்த்துச் சொல்ல வேண்டிய விஷயம். அதை அரசியல் நியமனத்தால் வந்தவர்களின் வாக்குக்கு விடக் கூடாது.

பண விஷயமும் இருந்தது. நீங்கள் வாங்கும் தூண்டில் கோல், ரீல் மீது கூட்டாட்சி அரசு ஒரு வரி வசூலிக்கிறது. 1950-ன் டிங்கெல்-ஜான்சன் சட்டப்படி அது மாநிலங்களின் மீன்வள அமைப்புகளுக்குத் திரும்பி வருகிறது. வேட்டைக் கருவிகளுக்கு 1937-லிருந்தே பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் உண்டு. இந்தப் பணத்துக்கு நிபந்தனை, மீன்வள நிர்வாகமும் உரிமக் கட்டணமும் அந்த அமைப்பின் கையில் இருக்க வேண்டும். ஆணையங்களின் அதிகாரத்தைப் பறித்தால் ஆண்டுக்கு இரண்டு கோடி டாலருக்கு மேல் வரும் நிதி கேள்விக்குறி ஆகலாம் என்ற எச்சரிக்கை அப்போது எழுந்தது. சுற்றுச்சூழல் என்றாலே காதைப் பொத்திக்கொள்ளும் உறுப்பினர்களைக்கூட அது யோசிக்க வைத்தது. ஆணையத்தின் அப்போதைய செயல் இயக்குநர் ஜான் ஆர்வேயும், டிரவுட் அன்லிமிடெட் என்ற மீன் பாதுகாப்பு அமைப்பின் கிளைகளும், எண்ணற்ற தனி மீன்பிடிக்காரர்களும் எதிர்த்தார்கள். 1576 சட்டமாகவில்லை. 2014 நவம்பரில் கூட்டத்தொடர் முடிந்ததோடு காலாவதி ஆனது.

உங்கள் பெரியவர்கள் அநேகமாகச் சொல்லாமல் விட்ட இன்னொரு பாதி உண்டு. அதே கூட்டத்தொடரில் 1565 என்று இன்னொரு மசோதா இருந்தது. அதில் அழியும் உயிரினம் என்ற சொல்லே கிடையாது, படித்தால் தூக்கம் வரும் நடை. உயர்தர ஓடையின் கரையிலிருந்து 150 அடிக்குள் பெரிய அளவில் மண் வேலை செய்வதைக் கட்டுப்படுத்தி, கரையோர மரப் பட்டையைக் காக்கச் சொன்ன விதியை அது தளர்த்தியது. மரங்களுக்குப் பதில் 'அதற்குச் சமமான' வேறு ஏற்பாடு செய்துகொள்ளலாம், கரைக்கு மிக அருகில் அழித்தால் வேறிடத்தில் நட்டு ஈடுகட்டலாம் என்றது. எதிர்ப்பு இதற்கும் வந்தது. ஆனாலும் 2014 அக்டோபரில் ஆளுநர் கார்பெட் கையெழுத்திட்டு, 162-ஆம் சட்டமாகிவிட்டது. வேறிடத்தில் நட்ட மரம் உங்கள் ஓடைக்கு நிழல் தராது. என்னைக் கேட்டால், இந்த ஒன்றை நினைவில் வைத்துத்தான் இனி வரும் எந்த மசோதாவையும் படிக்க வேண்டும்.

சரி, எப்படிப் படிப்பது? தலைப்பை விடுங்கள். சட்டமன்றத்தின் இணையதளத்தில் மசோதா எண்ணைப் போட்டால் முழு உரையும் வரும். இருக்கும் சட்டத்தைத் திருத்தும் மசோதாவில், நீக்கப்படும் சொற்கள் சதுர அடைப்புக்குள் இருக்கும், சேர்க்கப்படுபவை அடிக்கோடிட்டு இருக்கும். முதலில் அடைப்புக்குள் இருப்பதைப் படியுங்கள். யார் முடிவெடுக்கிறார் என்பது மாறுகிறதா, 'வேண்டும்' என்பது 'செய்யலாம்' ஆகிறதா, 'சமமான' என்ற சொல் எங்கே நுழைகிறது என்று தேடுங்கள். திருத்தம் வரும்போதெல்லாம் அச்சு எண் மாறும். கடிதத்தில் எந்த அச்சு எண்ணைப் படித்தீர்கள் என்று குறிப்பிடுங்கள். பழைய வடிவத்தைத் திட்டி எழுதிய கடிதத்தை உதவியாளர் அப்படியே ஒதுக்கிவிடுவார்.

எப்போது எழுதுவது என்பதும் முக்கியம். ஒவ்வோர் அவையிலும் மசோதா மூன்று வெவ்வேறு நாள்களில் எடுத்துக்கொள்ளப்பட வேண்டும் என்பது மாநில அரசியல் சட்டம். கேட்க நீளமாகத் தோன்றும். ஆனால் குழுவை விட்டு வெளியே வந்துவிட்டால் காரியம் விறுவிறுவென்று நடக்கும். 1576 போனது வேட்டை மற்றும் மீன்வளக் குழுவுக்கு. குழு விசாரணை அறிவிக்கும் நாள்தான் உங்கள் கடிதத்துக்கு அதிக எடை உள்ள நாள். இரட்டைப்படை ஆண்டின் இலையுதிர் காலத்தில், கூட்டத்தொடர் முடியும் தறுவாயில், இன்னொரு முறை கண் வைத்திருங்கள். 1565 கையெழுத்தானது அந்த நேரத்தில்தான்.

மாநிலச் சட்டமன்றத்தில் உங்களுக்கு ஒரு பிரதிநிதி, ஒரு செனட்டர், இரண்டே பேர். வீட்டு முகவரியைப் போட்டால் அதே இணையதளம் பெயர்களைக் காட்டும். கடிதம் ஒரு பக்கம் போதும். எந்த ஊரில் குடியிருக்கிறீர்கள், உரிமம் எடுத்திருக்கிறீர்கள், எந்த ஓடையில் மீன் பிடிக்கிறீர்கள் என்று தொடங்குங்கள். அந்த ஓடை என்ன வகுப்பில் இருக்கிறது, மசோதாவின் எந்தப் பிரிவு அதை எப்படித் தொடும் என்று இரண்டு மூன்று வரி. கடைசியில் ஒரே ஒரு கோரிக்கை: குழுவில் எதிர்த்து வாக்களியுங்கள், அல்லது இந்தப் பிரிவை நீக்குங்கள். சங்கம் அனுப்பும் அச்சுக் கடிதத்தில் கையெழுத்துப் போடுவதைவிட இது பல மடங்கு வேலை செய்யும், ஏனென்றால் படிக்கும் உதவியாளருக்கு அந்த ஓடை தெரிந்திருக்கும். விசாவைப் பற்றி எழுத வேண்டிய அவசியமே இல்லை. தொகுதி அலுவலகத்துக்கு நேரிலும் போகலாம். தலைநகர் ஹாரிஸ்பர்க் வரை அலைய வேண்டியதில்லை.

மசோதா எதுவும் இல்லாத மாதங்களிலும் ஒரு வேலை இருக்கிறது, இதை மிகச் சிலர்தான் செய்கிறார்கள். காட்டு டிரவுட் பட்டியலில் புதிதாகச் சேர்க்கப்போகும் ஓடைகளை ஆணையம் முன்கூட்டியே வெளியிட்டுக் கருத்துக் கேட்கிறது. பிறகுதான் ஆணையர்கள் கூட்டத்தில் வாக்கெடுப்பு. எதிர்ப்பவர்கள் வழக்கறிஞர் வைத்து எழுதுவார்கள். அந்த ஓடையில் குஞ்சு டிரவுட் பார்த்த ஒருவர், எந்தப் பாலத்துக்கு மேலே, எந்த மாதத்தில் பார்த்தார் என்று எழுதினால் அதுவும் கோப்பில் ஏறும். குடியுரிமைக் கேள்வி அங்கேயும் கிடையாது.

கூட்டாட்சிச் சட்டம் காப்பாற்றும், மாநிலச் சட்டம் தளர்ந்தால் பரவாயில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2023 மே மாதம் சாக்கெட் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஆறுகளோடும் ஏரிகளோடும் மேற்பரப்பில் தொடர்ச்சியாக இணையாத சதுப்பு நிலங்களுக்குக் கூட்டாட்சிப் பாதுகாப்பு இல்லை என்று தீர்ப்பளித்துவிட்டது. ஓடைக்குக் குளிர்ந்த நீர் கொடுக்கும் பல சதுப்புகளுக்கு இப்போது மாநிலச் சட்டம்தான் துணை. பென்சில்வேனியாவில் 1937-ன் தூய ஓடைகள் சட்டம் இருக்கிறது. தூய நீர் மக்களின் உரிமை என்று சொல்லும் முதல் அத்தியாயம் 27-ஆம் பிரிவும் மாநில அரசியல் சட்டத்தில் 1971 முதல் உண்டு. 2013-லும் 2017-லும் மாநில உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவுக்கு உண்மையான பலம் கொடுத்துத் தீர்ப்புச் சொன்னது. கடிதத்தில் அதை ஒரு வரி குறிப்பிடுவது நல்லது.

இந்த வாரமே செய்யக்கூடியது: ஆணையத்தின் இணைய வரைபடத்தில் ஸ்பிரிங் கிரீக்கையும், நீங்கள் போகும் அதன் கிளையோடைகளையும் தேடி, எது 'ஏ' வகுப்பு, எது காட்டு டிரவுட், எது இன்னும் பட்டியலிலேயே இல்லை என்று குறித்து வையுங்கள். இல்லாதவற்றில் குஞ்சு மீன் கண்ணில் பட்டால் இடத்தோடும் தேதியோடும் படம் எடுத்து, உங்கள் பகுதி மீன்வள உயிரியலாளருக்கு அனுப்புங்கள்.