பழசுகள், புதுசுகள், ஒரே மேசை: பகடைக் கதை விளையாட்டு பற்றிக் கேள்வி பதில்

டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் மாதிரி மேசையச் சுத்தி இருந்து கதை சொல்லிப் பகடை உருட்டுற விளையாட்டுகள்ல பழைய ஆக்களுக்கும் இப்பத்தைய பிள்ளைகளுக்கும் ஏன் ஒத்துவருதில்ல எண்டு கேள்வி இருந்தா அனுப்புங்க எண்டு போன கிழமை சொல்லியிருந்தன், கன பேர் அனுப்பியிருக்கிறீங்க. நான் 94ல இருந்து திருகோணமலையில இத விளையாடுறன், நடத்துறன். நடத்துறவர இங்கிலீஷ்ல டிஎம் எண்டுவாங்க, எங்கட ஆக்கள் தொடக்கத்தில இருந்தே அண்ணாவி எண்டுதான் கூப்பிடுறது, கூத்துக்கு அண்ணாவியார் இருக்கிற மாதிரி.

கேள்வி (உவர்மலை, வயசு 19): அண்ணா, எங்கட மாமா "நீங்க விளையாடுறேல்ல, நாடகம் போடுறீங்க" எண்டு ஒவ்வொரு முறையும் சொல்றார். அப்பிடி என்ன வித்தியாசம்?

பதில்: தங்கச்சி, இது வயசு விஷயம் இல்ல, முதல் முதல் எதைப் பார்த்துப் பழகினீங்க எண்டதுதான். நான் பழகினது டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்ட 1983ல வந்த சிவப்புப் பெட்டியில, கனடாவில இருந்து என்ட மாமாட மகன் வரேக்க கொண்டுவந்தது, அதுக்குள்ள ரெண்டு புத்தகம் இருக்கவேணும், எங்களுக்கு வந்து சேர்ந்தது ஆட்டக்காரர்ட புத்தகம் மட்டும்தான். நடத்துறவர்ட புத்தகம் இல்லாததால மிச்ச விதியெல்லாம் ஊரடங்கு இரவுகள்ல குப்பி விளக்கு வெளிச்சத்தில நாங்களே கட்டினது. கேட்டுப் பாக்க ஆளும் இல்ல, இன்டர்நெட்டும் இல்ல, அண்ணாவி சொன்னா அதுதான் விதி. நீங்க வந்தது மற்றப் பக்கத்தால. 2015 மார்ச்சில கிரிட்டிக்கல் ரோல் எண்டு குரல் நடிகர்கள் இத விளையாடிக் காட்டுற இன்டர்நெட் நிகழ்ச்சி தொடங்கினதுக்குப் பிறகு கன பிள்ளைகள் விதி ஒண்டும் வாசிக்க முதலே குரல மாத்தி எப்பிடிக் கதைக்கிறது எண்டு பார்த்துப் பழகிட்டாங்க.

இன்னொண்டும் இருக்கு. எங்கட பெட்டியில மந்திரவாதிக்கு உயிர்ப் புள்ளி நாலு முகப் பகடையில ஒருக்கா உருட்டி வாறதுதான், ஒண்டு விழுந்தா ஒண்டுதான். பூச்சியத்துக்கு வந்தா ஆள் முடிஞ்சுது. 2014ல வந்த ஐஞ்சாம் பதிப்பில பூச்சியத்துக்கு வந்தாலும் விழுந்து கிடந்து இருபது முகப் பகடைய உருட்டலாம், பத்தோ அதுக்கு மேலயோ வந்தா நல்லது, மூண்டு நல்லது முதல்ல வந்தா தப்பலாம், மூண்டு கெட்டது வந்தாத்தான் சாவு. உங்கட ஆள் கன நாள் இருப்பான் எண்டு தெரிஞ்சபடியாத்தான் நீங்க அவன்ட அம்மா, ஊர், பழைய காதல் எண்டு ரெண்டு பக்கம் எழுதிக்கொண்டு வாறீங்க. மாமா எழுதாததுக்குக் காரணம் கற்பனை இல்லாதது இல்ல, எழுதின மை காய முதல் ஆள் செத்துப்போவான், நாங்க மூண்டாம் நாள் தப்பினாத்தான் பேரே வைக்கிறது. இத மாமாட்ட கேட்டுப் பாருங்க, கண் கலங்குற மாதிரி நாலு கதை சொல்லுவார்.

ஒரு எச்சரிக்கை, எல்லாருக்கும்தான்: முதல் நாள் பகடையத் தொடாதீங்க. இருந்து கதையுங்க, யாருக்கு எப்பிடிக் கதை வேணும், ஆள் சாகலாமா, எத்தினை மணிக்கு முடிக்கிறது எண்டு.

கேள்வி: இருபது முகப் பகடை திருமலையில எங்க வாங்கலாம்?

பதில்: ரவுணுக்குள்ள நான் கண்டதில்ல, கொழும்பில இருந்து வாற ஆரிட்டயாவது சொல்லி விடுங்க. இல்லாட்டிக் கடதாசித் துண்டில 1 இல இருந்து 20 வரை எழுதி மாஜரின் டப்பாவில போட்டுக் குலுக்கி எடுங்க, எடுத்ததத் திருப்பிப் போடோணும், அத மறந்தா கணக்குப் பிழைச்சிடும். இத ஏழைப்பட்ட வேலையா நினைக்காதீங்க, 1979, 80 வாக்கில அமெரிக்காவிலயே பகடைத் தட்டுப்பாடு வந்து, விளையாட்டப் போட்ட டிஎஸ்ஆர் கொம்பனியே பெட்டிக்குள்ள பகடைக்குப் பதிலா நம்பர் போட்ட அட்டைத் துண்டு வச்சுத்தான் வித்தது.

கேள்வி: பழைய ஆக்கள் 'தாக்கோ' எண்டு ஏதோ சொல்றாங்களே?

பதில்: கவச நம்பர் பூச்சியமா இருக்கிற எதிரிக்கு அடி பட பகடையில எத்தினை விழோணும் எண்ட நம்பர்தான் தாக்கோ. அப்ப கவசத்துக்கான நம்பர் குறையக் குறைய நல்லம். தாக்கோ 17, எதிரிட கவசம் 4 எண்டா பகடையில 13 வேணும், கழிச்சுப் பாக்கிறதுதான். 2000ல வந்த மூண்டாம் பதிப்பில அதத் தூக்கிட்டாங்க.

கேள்வி: புத்தகம் எல்லாம் சரியான விலை. வாங்காம விளையாடேலாதா?

பதில்: ஏலும். 2023 ஜனவரியில மற்றாக்கள் இந்த விதிகளப் பாவிக்கிற உரிமம் பற்றின சண்டை பெரிசாகினாப் பிறகு ஐஞ்சாம் பதிப்பிட அடிப்படை விதித் தொகுப்ப கிரியேட்டிவ் கொமன்ஸ் எண்ட, ஆரும் எடுத்துப் பாவிக்கக்கூடிய உரிமத்தில விட்டிட்டாங்க, சும்மா டவுன்லோட் பண்ணலாம். முதல் நாளுக்கு அதுவும் தேவையில்ல, மேல சொன்னன், இருந்து கதையுங்க.

கேள்வி: பகடை எங்க எடுக்கலாம் அண்ணா?

பதில்: மேல இருக்கு.

கேள்வி (திருக்கடலூர்): தம்பி, நானும் உம்மட காலத்து ஆள்தான். இப்பத்தைய பிள்ளைகள் மேசையில எக்ஸ் போட்ட ஒரு அட்டைய வைக்கிறாங்கள், பிடிக்காதது வந்தா அதத் தொடுறாங்கள், உடனே கதைய மாத்தோணுமாம். நாங்க ஷெல் சத்தத்துக்குள்ள விளையாடின ஆக்கள். இது என்ன செல்லம்?

பதில்: ஐயா, அந்த அட்டைய யோசிச்சு எடுத்தவர் ஜோன் ஸ்டாவ்ரொபோலஸ். தொட்டவரிட்டக் காரணம் கேக்கிறேல்ல, அதுதான் அதிண்ட முழு விதியும். நானும் முதல்ல உங்கள மாதிரித்தான் சொன்னனான். பிறகு ஒரு நாள் என்ட கதையில "கடல் உள்ளுக்குப் போகுது, மீன் எல்லாம் மண்ணில துள்ளுது" எண்டு சொன்னன், நல்ல காட்சி எண்டு நினைச்சு. எங்களோட கன வருசமா விளையாடின ஒருத்தர் பகடைய மெதுவா வச்சிட்டு எழும்பி வெளியில போயிட்டார். 2004 டிசம்பர் 26 அவர்ட வீட்டில என்ன நடந்தது எண்டு எனக்குத் தெரியும், தெரிஞ்சும் வாயில வந்திட்டு. அண்டைக்கு அந்த அட்டை இருந்திருந்தா அவர் ஒரு விரலால தொட்டிருப்பார், நான் கப்பல வேற பக்கம் திருப்பியிருப்பன். அவர் திரும்பி வர எட்டு மாசம் எடுத்தது.

அதே ஐயா: அது உம்மட பிழை, அட்டை இல்லாத பிழை இல்ல. தெரிஞ்ச ஆக்களுக்கு அட்டை என்னத்துக்கு?

பதில்: என்ட பிழைதான், ஒத்துக்கொள்றன். ஆனா நீங்க சொன்னதிலதான் விஷயமே இருக்கு. ஷெல் சத்தத்துக்குள்ள விளையாடின நாள்ல எங்கட கதையில எப்பவாவது செக்பொயின்ட் வந்ததா? காணாமப்போன அண்ணன் வந்தாரா? ஒருக்காலும் இல்ல. ஒருத்தரும் சொல்லாமலே எல்லாரும் ஒதுக்கி வச்சிருந்தம், ஏனெண்டா நாங்க ஒரே ஒழுங்கைப் பொடியங்கள், ஆர் வீட்டில ஆர் இல்ல எண்டு எல்லாருக்கும் தெரியும். இப்பத்தைய பிள்ளைகள் விளையாடுறது டிஸ்கோட் எண்ட ஒன்லைன் அரட்டைச் செயலியில, ஒருத்தி டொரன்டோவில, ஒருத்தன் சென்னையில, முகம் கூடக் கண்டதில்ல. எங்களுக்கு ஒழுங்கை செய்த வேலைய அவங்களுக்கு அந்த அட்டை செய்யுது.

கேள்வி (நிலாவெளி, வயசு 17): ஐயா சொல்றதும் சரிதான் அண்ணா, எங்கட செட்டில ஒருத்தன் சண்டையில தோக்கப்போனா உடன அட்டையத் தொடுறான்.

பதில்: அப்ப ஐயாவுக்கு அரைவாசி வெற்றி. தம்பி, மேசையில வச்சு அவனக் கேக்காதீங்க, விளையாட்டு முடிஞ்சாப் பிறகு தனியக் கூப்பிட்டு, உனக்கு ஆள் சாகிறது பிடிக்கேல்லையா எண்டு கேளுங்க. பிடிக்கேல்ல எண்டா சாவில்லாத கதையும் விளையாடலாம். இத முதல் நாளே கதைச்சிருக்கோணும்.

கேள்வி: டொரன்டோ மச்சாளோட ஒன்லைன்ல விளையாட எந்த நேரம் சரி?

பதில்: எங்கட சனி பின்னேரம் 7 மணி அங்க காலம 9.30, மாரியில 8.30. இத விட நல்ல நேரம் கிடைக்காது.

கேள்வி: இதுக்கு எந்த லப்டொப் நல்லம்?

பதில்: அது எனக்குரிய பாடம் இல்ல, கொம்பியூட்டர் கடையில கேளுங்க.

கேள்வி: பகடை வாங்க இடம்?

பதில்: மாஜரின் டப்பா. இனி இதுக்குப் பதில் போடமாட்டன்.

கேள்வி (தம்பலகாமம்): எனக்கு 47, மகனுக்கு 16. ரெண்டு பேரும் ஒரு மேசையில இருந்தா சண்டைதான் வருது.

பதில்: அவன அண்ணாவியா விடுங்க அண்ணை. நீங்க சதுரக் கோடு போட்ட கணக்குக் கொப்பியில வரைபடம் கீறுங்க, அது பழைய ஆக்கள்ட கை, இப்ப கொம்பியூட்டரே கீறிக் குடுக்கிறதால பிள்ளைகளுக்கு அந்தப் பழக்கம் வராது, நீங்க கீறுறதப் பார்த்து அவன் கட்டாயம் ஆசைப்படுவான். அவன் விதிய மாத்திச் சொன்னா அந்த இடத்தில திருத்தாதீங்க, அவன் சொன்னபடியே விளையாடி முடியுங்க. அடுத்த நாள் சாப்பிடேக்க சொல்லலாம்.